4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோனை 0.5 வரை இறக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் நில அதிர்வு பதிக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். சென்சார் 4.5 ஹெர்ட்ஸ் இயல்பு அலைவெண் கொண்ட ஜியோபோன் (தரை அசைவை மின்னழுத்தமாக மாற்றுவது), காயில் 375 ஓம். தெருவில் பஸ் போனால்கூட அழகாகத் தெரிகிறது. ஆனால் தூரத்து நிலநடுக்க அலைகள் 1 ஹெர்ட்ஸுக்கும் கீழேதான் பலமாக இருக்கும். 4.5க்குக் கீழே இதன் வெளியீடு ஆக்டேவுக்கு 12 டெசிபெல் சரிகிறது, அதாவது அலைவெண் பாதியானால் வெளியீடு கால் பங்காகிறது.

அந்தச் சரிவுக்கு நேரெதிரான ஃபில்டர் போட்டு 0.5 வரை சமன்படுத்தப் பார்த்தேன். 330 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர். சிக்கல் என்னவென்றால், 4.5ஐ 0.5ஆக்க குறைந்த அலைவெண் பக்கத்தில் 9 பெருக்கல் 9, அதாவது 81 மடங்கு கெயின் (பெருக்கம்) வேண்டும். முன்னால் 20 மடங்கு ப்ரீஆம்ப் வேறு. நான் போட்ட ஆப்ஆம்ப் (பெருக்கி ஐசி) டிஎல்072. அதன் 3 மில்லிவோல்ட் ஆஃப்செட், அதாவது சிக்னல் இல்லாதபோதும் உள்ளீட்டில் இருக்கும் பிழை மின்னழுத்தம், இத்தனை மடங்கு பெருகி 4.8 வோல்ட்டைத் தாண்டிவிடுகிறது. ±5 வோல்ட் சப்ளையில் வெளியீடு மேலே போய் ஒட்டிக்கொண்டது. நடுவில் கெப்பாசிட்டர் வைத்து டிசியை வெட்டினேன். சரி, ஒட்டுவது நின்றது. ஆனால் ஃபேன் போட்டால் கோடு மெதுவாக மேலும் கீழும் அலைகிறது. பலகைமேல் டப்பாவைக் கவிழ்த்தால் பாதி குறைகிறது, அதனால் வெப்ப மாற்றமோ என்று சந்தேகம்.

ஜீரோ டிரிஃப்ட் ஆப்ஆம்ப் (ஆஃப்செட் மிகக் குறைவாக, வெப்பத்தில் அதிகம் நகராத வகை) மாற்றினால் போதுமா? காயிலோடு நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ் (காயிலின் மின்தடையை ஈடுகட்டும் சர்க்யூட்) சேர்த்து டேம்பிங்கை (அசைவைத் தணிப்பதை) கூட்டும் முறையை யாராவது செய்திருக்கிறீர்களா, ஆசிலேட் ஆகாமல் இருக்குமா? அல்லது 24 பிட் ஏடிசியில் (சிக்னலை எண்ணாக மாற்றும் ஐசி) வாங்கி மென்பொருளிலேயே சரிசெய்வது மேலா? சர்க்யூட் படம் இருந்தால் போடுங்கள், கையால் வரைந்ததானாலும் சரி.