மூன்று கம்பனிக்கு ஒரே மெயில் சேர்வர்: எங்கள் குடும்பக் குழுவில்

பெரிய மாமா: மருமகன், அக்கரைப்பற்று மில், கைத்தறிக் கடை, பாசிக்குடா கெஸ்ட் ஹவுஸ் மூன்றுக்கும் தனித்தனி மெயில் சேர்வர் எடுக்கத்தான் வேணுமாம் என்று ஒருவர் சொல்கிறார். மாதாமாதம் மூன்று பில் கட்ட என்னால் ஏலாது. இப்போது மாதிரி ஒன்றிலேயே வைத்திருந்தால் பிழையா?

நான்: பிழையே இல்லை மாமா. மூன்று இடத்திலும் சேர்த்துப் பதினொரு பேர்தான் மெயில் பார்க்கிறார்கள், அதற்கு ஒரு சின்ன சேர்வரே தாராளம். டொமைன் என்றால் விலாசத்தில் அட் குறிக்குப் பின்னால் வருகிற பெயர், அதற்கு வருகிற மெயிலை எந்த சேர்வரிடம் கொடுப்பது என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு. மூன்று டொமைனின் எம்எக்ஸ் பதிவும் அந்த ஒரே சேர்வரின் பெயரைக் காட்டினால் போதும்.

அக்கா: அப்ப போன மாதம் நடந்தது என்ன தம்பி? பாசிக்குடாவில் இரண்டு அறை கேட்டு வந்த மெயில் மில் கிளாக்கரிடம் மூன்று நாள் கிடந்தது. அவர் விளம்பரம் என்று விட்டுவிட்டார், நான் நெல் கணக்குப் பார்க்க மில்லுக்குப் போனபோதுதான் கண்டேன். அதற்குள் அந்த ஆட்கள் வேறு இடம் பிடித்துவிட்டார்கள்.

நான்: நேற்று இரவு உள்ளே போய்ப் பார்த்தேன் அக்கா. முன்பு அமைத்தவர், மெயிலை வாங்கவும் அனுப்பவும் சேர்வரில் ஓடுகிற போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில் மைடெஸ்டினேஷன் என்ற வரியில் மூன்று டொமைனையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். அந்த வரியில் இருக்கிற டொமைனுக்கு மெயில் வந்தால், அட் குறிக்கு முன்னால் இருக்கிற பெயரை வைத்துத்தான் பெட்டியைத் தேடும். மில்லுக்கும் இன்ஃபோ, கெஸ்ட் ஹவுஸுக்கும் இன்ஃபோ. இரண்டும் ஒரே பெட்டியில் விழுந்துவிட்டது.

மச்சான்: பெயரை மாற்றிவிட்டால் சரிதானே? மில்இன்ஃபோ, கடைஇன்ஃபோ என்று?

நான்: வேண்டாம் மச்சான், விலாசம் பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்தாயிற்று. டொமைன்களை விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ் என்ற வரிக்கு மாற்றி, மைடெஸ்டினேஷனிலிருந்து அழித்துவிட வேண்டும். இரண்டு வரியிலும் ஒரே டொமைன் இருக்கக் கூடாது. மறுகா முழு விலாசத்துக்கும் ஒரு பெட்டி. பெட்டியைத் திறந்து மெயிலைக் காட்டுகிற டவ்காட் மென்பொருளிலும் அப்படியே வைக்கிறேன், லாகின் பண்ணும்போது எல்லோரும் முழு விலாசத்தையும் அடிக்க வேண்டும்.

பெரிய மாமா: கடையிலிருந்து கொழும்புக்கு அனுப்புகிற பில் எல்லாம் ஸ்பாமுக்குள் போகிறதே?

நான்: மில் டொமைனுக்கு மட்டும் டிகிம் இருக்கிறது மாமா, கடைக்கும் கெஸ்ட் ஹவுஸுக்கும் எஸ்பிஎஃப்கூட இல்லை. 2024 பெப்ரவரியிலிருந்து ஜீமெயிலுக்கு அனுப்புகிற எல்லோருக்கும் இந்த இரண்டில் ஒன்றாவது கட்டாயம். எந்த சேர்வர் நம் பெயரில் அனுப்பலாம் என்று டிஎன்எஸ் என்ற டொமைன் பதிவேட்டில் எழுதி வைப்பது எஸ்பிஎஃப், சேர்வர் ஒவ்வொரு மெயிலிலும் போடுகிற கையொப்பம் டிகிம். மூன்று டொமைனுக்கும் தனித்தனிச் சாவி செய்து இரண்டையும் போடுகிறேன்.

மச்சான்: சேர்வரின் எண் விலாசம், அந்த ஐபிக்கும் மூன்று பெயரா?

நான்: இல்லை, அங்கே ஒன்றே ஒன்றுதான். ஐபியைக் கேட்டால் சேர்வரின் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி வர வேண்டும். பெயர் மில்லுடையதாக இருந்தாலும் கடை மெயிலுக்குக் குறையில்லை. ஐபிக்குப் பெயர் சொல்கிற அந்தப் பிடிஆர் பதிவை சேர்வர் வாடகைக்குத் தருகிறவர்தான் மாற்ற வேண்டும், இன்றைக்கே கேட்கிறேன். இது உண்மையான சேர்வர்தான் என்று காட்டுகிற சேர்டிபிகேட்டும் அந்த ஒரு பெயருக்கே போதும், போனில் எல்லோரும் சேர்வர் என்ற இடத்தில் அந்தப் பெயரையே கொடுத்தால்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பயம். ஒரு வளவுக்குள் மூன்று வீடு, கிணறு ஒன்று என்ற மாதிரித்தான் இது. ஒருவருடைய பாஸ்வேர்ட் களவு போய் அதிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பை மெயில் போனால், ஐபி, குப்பை அனுப்புகிறவர்களின் கரும்பட்டியலில் ஏறிவிடும், பிறகு மில் பில்லும் போகாது, கடை பில்லும் போகாது. பாசிக்குடா ரிசெப்ஷனில் கணினித் திரைக்குக் கீழே மஞ்சள் கடதாசியில் பாஸ்வேர்ட் எழுதி ஒட்டியிருக்கிறது, அறைச் சாவி வாங்க வருகிற எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்.

அக்கா: அதை நாளைக்குக் காலையில் போய்க் கழற்றுகிறேன்.

நான்: கழற்றினால் மட்டும் காணாது அக்கா, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் இத்தனை மெயில்தான் அனுப்பலாம் என்று நானும் ஒரு அளவு வைக்கிறேன்.

பெரிய மாமா: எப்போது செய்கிறாய்? அறுவடைக் காலம், ஒரு மெயிலும் தொலையக் கூடாது.

நான்: வெள்ளி இரவு பத்து மணிக்கு மேல். சேர்வர் கொஞ்ச நேரம் நின்றாலும் அனுப்புகிற பக்கம் மெயிலை வைத்திருந்து திரும்பத் திரும்பத் தரும், போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் வழக்கமாக 5 நாள் வரை. பழைய இன்ஃபோ பெட்டியில் கலந்து கிடக்கிறதைத்தான் யாருக்கு வந்தது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

அக்கா: சனி காலை மில்லுக்கு வருகிறேன், கெஸ்ட் ஹவுஸுக்கு வந்ததை எல்லாம் நானே எடுத்துத் தருகிறேன். இன்னும் யாராவது அறை கேட்டு எழுதியிருந்தால் அன்றைக்கே போன் பண்ண வேண்டும்.