எம்.ஆர்க் படிப்பும் வேலூர் வெயிலும்: படித்தவர்களின் அனுபவங்கள்

குடியாத்தத்திலிருந்து:

பி.ஆர்க் என்ற கட்டடக்கலை இளநிலைப் படிப்பை ஐந்து வருஷம் முடித்து, சில காலம் கட்டுமான சைட்டில் நின்றுவிட்டு, அப்புறம்தான் நிலைத்தகு கட்டடக்கலையில், அதாவது சுற்றுச்சூழலுக்குச் சுமையாகாமல் கட்டும் துறையில், எம்.ஆர்க் என்ற முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். இரண்டு வருஷம், நான்கு செமஸ்டர். "இதைப் படித்துவிட்டு நம்ம ஊரில் என்ன செய்வது?" என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு என் பதில் ஒன்றுதான். கூரையைப் படியுங்கள். பசுமைக் கட்டடச் சான்றிதழ் புள்ளிகள், கண்ணாடி முகப்பு, மாடித்தோட்டம் எல்லாம் அதற்கு அப்புறம் வரட்டும்.

காரணம் சூரியன் போகும் பாதை. வேலூர் ஏறக்குறைய 12.9 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் உச்சிக்கு வடக்கே சற்றுச் சாய்ந்தே நிற்கிறது. கத்திரி வெயில் முழுக்க இந்தக் காலத்துக்குள் வந்துவிடும். "வடக்கு ஜன்னலில் வெயிலே விழாது" என்று குளிர்நாட்டுப் புத்தகங்களில் இருப்பதை இங்கே நம்பிவிடக் கூடாது. வடக்குப் பக்கமும் சன்ஷேட் வைத்தாக வேண்டும். சுவர்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் வெயிலை வாங்குகின்றன. மொட்டை மாடியோ காலையிலிருந்து சாயங்காலம் வரை வாங்குகிறது.

2018இல் மத்திய அரசு கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, வீட்டுக் கூரையின் யு மதிப்பு 1.2க்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதுதான் இந்தக் கணக்கு. நாம் வழக்கமாகப் போடும் வெறும் காங்கிரீட் கூரைக்கு இது இரண்டு மடங்கையும் தாண்டும். முதல் செமஸ்டரில் இந்தக் கணக்கைக் கையால் போட்டபோதுதான், இரவு பத்து மணிக்கும் எங்கள் வீட்டு ஃபேன் ஏன் அனல் காற்றையே இறைக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது கல்லூரிக்கு வெளியே. ஆய்வுக்காக வேலூர் சைதாப்பேட்டைப் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளைப் பார்க்கப் போயிருந்தேன். தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்காகக் குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடைசியில் தட்டை ஓடு பதித்த கூரை. அங்கே ஒரு வீட்டில் தளம் பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், கொத்தனார், எழுபதைத் தாண்டியவர், என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் ஜல்லியைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தார்கள். "எப்போ நிறுத்தணும்னு எப்படித் தெரியும் தாத்தா?" என்று கேட்டேன். கட்டையை என் கையில் கொடுத்து, "நீயே தட்டிப் பாரும்மா. கட்டை உள்ளே அமுங்கினா இன்னும் வேலை இருக்கு. எகிறி வந்துச்சுன்னா தளம் பிடிச்சிருச்சு" என்றார். ஓரமாக அடித்தேன், மெத்தென்று இறங்கியது. முந்தின நாள் முடித்திருந்த மூலையில் அடித்தேன், கட்டை துள்ளி மணிக்கட்டு வரை அதிர்ந்தது.

அந்தக் கூரையின் தடிமனும் சுண்ணாம்பும் வெப்பத்தை எவ்வளவு நேரம் தாமதிக்கின்றன என்று மென்பொருளில் போட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது படிப்பு. ஆனால் எதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதை அந்தப் பெரியவர்தான் காட்டினார். எம்.ஆர்க் படிப்பவர்கள் ஒரு கொத்தனாரிடமாவது உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ராணிப்பேட்டையிலிருந்து:

அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இன்னொன்றும் சேர்க்கிறேன்: தட்பவெப்பக் கோப்பு. வெப்பக் கணக்குப் போடும் மென்பொருளுக்கு ஊரின் மணிவாரி வெயில், காற்று, ஈரப்பதம் எல்லாம் வேண்டும். எங்கள் வகுப்பில் வடதமிழகத்து மனைகள் எதுவானாலும் சென்னைக் கோப்பைத்தான் எடுப்பார்கள். சென்னைக்குப் பிற்பகலில் கடல்காற்று வரும். நமக்கு எங்கிருந்து வரும்? பாலாற்று மணலும் சுற்றிலும் இருக்கிற பாறை மலைகளும் கொதித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. கோடையில் நம்ம ஊருக்குப் பகலில் ஜன்னலைச் சாத்தி, இரவில் எல்லாவற்றையும் திறந்துவிடுகிற முறைதான் பொருந்தும். ஆசிரியரிடம் இதை எடுத்துச் சொன்னேன். அடுத்த மதிப்பீட்டுக்குள் நானே ஒரு வெப்பப் பதிவுக் கருவியை வீட்டில் வைத்து, அளந்த எண்களோடு போனேன். அதன் பிறகு அந்த விவாதம் நன்றாகவே நடந்தது.

மேற்குச் சுவரையும் மறக்காதீர்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெப்பத்தை ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடித்து வைக்கும். பிற்பகல் மூன்று மணி வெயிலின் சூடு உள்ளே வருவது குழந்தைகள் தூங்கப் போகிற நேரத்தில்! படுக்கையறையை மேற்கே வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ராட் ட்ராப் (எலிப்பொறி) கட்டுமானத்தைப் பாருங்கள். செங்கல்லைக் குத்தாக வைத்து நடுவில் இடைவெளி விடும் முறை. செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், உள்ளிருக்கும் காற்றும் வெப்பத்தைத் தடுக்கும்.

ஆரணியிலிருந்து:

என் அப்பா மேஸ்திரி. மகள் எம்.ஆர்க் என்றதும் "செலவு?" என்றுதான் முதலில் கேட்டார். கேட் (GATE) என்ற முதுநிலை நுழைவுத் தேர்வில் தகுதி பெற்று என்.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதை வைத்துத்தான் நான் படித்தேன். படிப்பின் நடுவில் அப்பாவோடு பெரிய வாக்குவாதம் சிமென்ட் பற்றி. சிமென்ட் செய்யச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது, சூளைக்கு எரிக்கும் எரிபொருளின் புகை தனி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சரிம்மா, உள்பூச்சுக்குச் சுண்ணாம்பு போடுவோம். ஆனா தூணுக்கும் பீமுக்கும் நான் சிமென்ட்தான் போடுவேன்" என்றார். அவர் சொன்னது சரியான எல்லை. எங்கள் இருவருக்கும் வேலை இன்றைக்கும் அப்படித்தான் பிரிகிறது.

குடியாத்தத்திலிருந்து, மறுபடியும்:

ஆரணித் தங்கைக்கு வாழ்த்துகள். கட்டி முடித்த வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: மார்ச்சுக்குள் மாடியைக் கழுவி, வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடியுங்கள். மழையில் கரையும் என்பதால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். பணம் இருந்தால் வெள்ளை கூலிங் டைல்ஸ் போடலாம், ஆனால் நீர்க்கசிவை முதலில் அடைத்துவிட்டுப் போடுங்கள். ஏ.சி. வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசியுங்கள்.