வாக்குத்தத்த அட்டையில் அச்சிடாத வசனம்

சாயர்புரத்துப் பாட்டி (ஜனவரி 4)

நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பேரன் போனில் தமிழ் அடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறான், பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

போன ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நவம்பரில் சாவியைக் கொழுந்தனார் கையில் கொடுத்துவிட்டு, தாம்பரம் பக்கம் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏழாவது மாடி. வயது 64. ஊரில் கோயில் மணி அடித்தால்தான் விடிந்த மாதிரி இருக்கும். இங்கே லிஃப்ட் சத்தம்தான் மணி.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எல்லாரையும் போல நானும் தட்டில் கைவிட்டு ஓர் அட்டை எடுத்தேன், புது வருஷத்துக்கு என்று வேத வசனம் அச்சடித்துக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டை. எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." சத்தியமாகச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. ஆளைக் குழிக்குள் வைத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, இதுவா எனக்கு அட்டை?

வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. அவருடைய பெரிய எழுத்து வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தைத் திருப்பினேன். பென்சில் கோடு இருந்தது, ஆனால் 11-ஆம் வசனத்தில் இல்லை. 5-ஆம் வசனத்தில்: "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்."

எதற்குக் கோடு போட்டாரோ. செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாலே வெளியே கிளம்பிவிடுகிற மனுஷன் அவர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. மறுநாள் மகனிடம் பழைய பெயிண்ட் வாளி இரண்டு கேட்டேன். ஊரிலிருந்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்த வெண்டை விதை இருந்தது, போட்டிருக்கிறேன்.

ஊர் மாறி, வாழ்க்கை மாறி நின்றவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கடைசி பெஞ்சு

அம்மா, நான் ஓய்வுபெற்ற வாத்தியார், ஐயர், அதாவது எங்கள் சபைக் குருவானவர், வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்கிறவன். நீங்கள் சொன்ன அதிகாரத்துக்கு முந்தின அதிகாரத்தையும் ஒருமுறை படியுங்கள். அதில் அனனியா என்று ஒருத்தன். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று எல்லாருக்கும் முன்னால் அறிவிக்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியா தீர்க்கதரிசியோ எழுபது வருஷம் என்று கடிதம் எழுதி அனுப்புகிறார். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள், தாங்கள் எருசலேமைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை என்று. அப்படிப்பட்டவர்களிடம்தான் தோட்டம் போடச் சொல்கிறார். 11-ஆம் வசனமும் அவர்களுக்குத்தான். நாம் எழுபது வருஷம் என்கிற 10-ஐ வெட்டிவிட்டு 11-ஐ மட்டும் அட்டையில் அச்சடிக்கிறோம்.

எனக்கு இது லேசில் புரியவில்லை. ஓய்வுபெற்ற முதல் வருஷம் முழுக்க, ஸ்கூலில் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்துவிட்டு! அனனியா வெளியே இல்லை, எனக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தான்.

ஐயர் வீட்டுப் பொண்ணு

பாட்டி, எங்க அப்பா குருவானவர். காலேஜ் முடிக்கிறதுக்குள்ள ஏழு சேகரம் (ஒரு குருவானவர் பொறுப்புல இருக்கிற சபைகள்) பார்த்துட்டேன். மே மாசம் வந்தாலே அட்டைப்பெட்டி, சணல் கயிறு, அம்மாவோட முணுமுணுப்பு. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு உயிர்த் தோழி, அடுத்த ஊர் போனதும் ரெண்டு லெட்டரோட முடிஞ்சிரும். அம்மா, சபை குடுக்கிற எந்தக் குருமனை வீட்டுலயும் செடி வைக்க மாட்டாங்க. "நாம வச்சு, அடுத்து வர்றவங்க திங்கவா?"ன்னு கேப்பாங்க.

நாலாவது ஊர்ல இறங்கினப்போ கொல்லைப்புறத்துல பப்பாளி மரம், ஒன்பது காய். முந்தி இருந்த ஐயரம்மா வச்சது. அவங்க எங்களைப் பார்த்ததுகூட இல்ல. நாங்க அந்தப் பழத்தைத் தின்னுக்கிட்டு இருக்கும்போது அப்பா ஒண்ணும் பேசல, "விதைக்கிறவன் ஒருவன், அறுக்கிறவன் ஒருவன்"னு மட்டும் சொன்னாங்க. அம்மா எந்திரிச்சு விதையை எல்லாம் கழுவிக் காய வச்சாங்க. அதுக்கப்புறம் மூணு ஊர்லயும் பப்பாளி போட்டோம். ஒண்ணுலயும் நாங்க பழம் தின்னல, அதுக்குள்ள மாத்திட்டாங்க.

பதில் வராதவன்

எல்லாரும் நல்லபடியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படி எழுதத் தெரியவில்லை.

46 வயதில் வேலை போனது. அந்த வாரம் மட்டும் எரேமியா 29:11 எனக்கு வாட்ஸப்பில் பதினாலு முறை வந்தது. எண்ணினேன். ஒருவர் நேரில் வந்து, ஏதாவது மறைவான பாவம் இருக்கிறதா என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்னார். அப்புறம் ஐந்து மாதம் ஆலயத்துக்குப் போகவில்லை.

அந்த ஐந்து மாதமும் எங்கள் சபையில் ஒரு தாத்தா, ரிட்டயர்டு ரயில்வேக்காரர், ஞாயிறு மத்தியானம் வருவார். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்க மாட்டார். டீ குடிப்பார், கிரிக்கெட் பார்ப்பார், போவார். ஒருநாள் நானே கேட்டேன், "தாத்தா, ஒரு வசனமும் சொல்ல மாட்டீங்களா?" சங்கீதம் 88-ஐப் படி என்றார். படித்தேன். கடைசி வரைக்கும் வெளிச்சமே வராமல் முடிகிற சங்கீதம். இப்படிப் புலம்புவதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறதே என்பதுதான் என்னைத் திரும்ப ஆலயத்துக்கு இழுத்தது.

இப்போது பாதிச் சம்பளத்தில் ஒரு வேலை. விசுவாசம் வளர்ந்ததா என்று கேட்டால், தெரியாது. ஆனால் யாருக்கும் இப்போது வசனம் ஃபார்வர்டு செய்வதில்லை. போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

குவைத் நர்ஸ்

நைட் டியூட்டி, சீக்கிரம் சொல்லிட்டு ஓடுறேன். இங்க ஞாயிறு வேலை நாள், அதனால எங்களுக்கு ஆராதனை வெள்ளிக்கிழமை. வந்த புதுசுல அது ஏதோ கள்ளப் பண்டிகை மாதிரி இருந்துச்சு. ஞாயிறு அன்னைக்கு வார்டுல பிபி பார்த்துக்கிட்டே, ஊர்ல இப்ப ரெண்டாவது மணி அடிச்சிருக்கும்னு நினைச்சு அழுதிருக்கேன். ஆறு வருஷம் கழிச்சு லீவுல ஊருக்குப் போனா, வெள்ளிக்கிழமை காலைல தானா எந்திரிச்சு சேலை எடுக்கிறேன். அம்மா, "எங்கடி கிளம்பிட்ட?"ங்கிறாங்க.

பதில் வராத அண்ணே, உங்க தாத்தா மாதிரி ஆளுங்க எங்க வார்டுக்கும் வேணும்.

சாயர்புரத்துப் பாட்டி (செப்டம்பர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பதில் வராத தம்பி, நீங்கள் எழுதினதை நாலு தரம் படித்தேன். வசனம் ஒன்றும் அனுப்பவில்லை.

வாத்தியாரையா, ஊர் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வைத்துவிட்டேன். சாவி கொடுக்கப் போனபோது கல்லறைக்கும் போய்வந்தேன். மனசு கனத்துத்தான் கிடக்கிறது, பொய் சொல்லவில்லை.

வெண்டை முதல் போகம் செத்துப்போனது, மாடி வெயில். மருமகள் பழைய சேலையைக் கட்டி நிழல் போட்டாள். அவளோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்ததே அந்த வாளிப் பக்கத்தில்தான். இரண்டாவது போகம் பிடித்துக்கொண்டது. போன ஞாயிறு இங்கே அறுப்பின் பண்டிகை, விளைந்ததை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிற நாள். பூசணி, வாழைத்தார், சேவல் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். நான் எட்டு வெண்டைக்காயை நூலில் கட்டிக் கொண்டுபோனேன். ஏலக்காரர் தூக்கிக் காட்டி, "தாம்பரம் தோட்டத்து வெண்டை!" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். பேரன் ஐம்பது என்று கை தூக்கினான், பின்னாலிருந்து யாரோ ஏற்றிவிட்டார்கள். கடைசியில் 220 ரூபாய்க்கு அவனே எடுத்தான், பணம் என் பர்சிலிருந்துதான்.

அன்றைக்கு மத்தியானம் புளிக்குழம்பு. ஒரு காயை மட்டும் முற்ற விட்டிருக்கிறேன், விதைக்கு. ஐயர் வீட்டுப் பொண்ணே, உனக்கு வேண்டுமானால் விலாசம் அனுப்பு.