பாரி சாண்டர்ஸ் ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுப் போனது சரியா?

பிற்பகல்காரன்:
நேற்று வேறொரு இழையில் ஒருவர், “எம்மிட் ஸ்மித் நின்று ஆடியவர், பாரி சாண்டர்ஸ் ஓடிப்போனவர்” என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். மனசு ஆறவில்லை. அதனால் இந்தத் தனி இழை.

விவரம் தெரியாதவர்களுக்கு: பாரி, அமெரிக்கக் கால்பந்தில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ரன்னிங் பேக். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர். எம்மிட், அதே காலத்தில் டல்லஸ் கௌபாய்ஸ் அணியில் அதே வேலை செய்தவர். உயரம் 5 அடி 8 அங்குலம்தான். 1989 முதல் 1998 வரை பத்து சீசனில் 15,269 யார்டு ஓடினார். அப்போது வால்டர் பேட்டன் என்ற பழைய ரன்னிங் பேக் வைத்திருந்த லீக் சாதனை 16,726. மிச்சம் 1,457. பாரியின் சராசரிக்கு அது ஒரு சீசன் வேலை. 1999 ஜூலை 27 அன்று, பயிற்சி முகாம் தொடங்கும் தறுவாயில், சொந்த ஊர்ப் பத்திரிகையான விச்சிட்டா ஈகிளுக்கு ஃபேக்ஸ் வந்தது. ஆட வேண்டும் என்ற ஆசையைவிட விலக வேண்டும் என்ற ஆசை பெரிதாகிவிட்டதாம். வயது 31. காலில் கட்டு இல்லை, கையில் கட்டு இல்லை. அவ்வளவுதான், முடிந்தது.

என் கட்சி: போனது சரி. இன்னும் முன்னாலேயே போயிருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
அந்த ஒற்றை வரி அடியேன் எழுதியதுதான். வாபஸ் வாங்குவதாக இல்லை.

போவது அவர் உரிமை. நான் கேட்பது எப்போது போனார் என்று. 1999 ஏப்ரலில் டிராஃப்ட் நடந்தது, அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது. முதல் சுற்றில் லயன்ஸ் எடுத்தது கிறிஸ் கிளைபோர்ன் என்ற லைன்பேக்கர் (எதிரணி ஓட்டத்தை மடக்குகிறவர்), ஆரன் கிப்சன் என்ற டேக்கிள். அந்த டேக்கிளின் வேலையே ஓடுகிறவனுக்கு வழி திறந்துவிடுவதுதான். யாருக்கு வழி திறக்க? பாரிக்கு! அவர் ஏப்ரலுக்கு முன் வாயைத் திறந்திருந்தால் அணி ஒரு ரன்னிங் பேக்கைத் தேடியிருக்கும். ஜூலைக் கடைசியில் கடையில் என்ன சரக்கு இருக்கும்?

நம்மில் பாதிப் பேர் கம்பெனியில் இரண்டு மாதம், மூன்று மாதம் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருகிறோம். அவர் ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டார். இதற்குத் தமிழில் வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

முதல்வரிசை:
நோட்டீஸ் உதாரணம் இங்கே ஒட்டாது. நீங்கள் நோட்டீஸ் கொடுத்தால் அடுத்த தெருவில் வேறு கம்பெனியில் சேரலாம். பாரியால் முடியாது. 1997ல் ஆறு வருட ஒப்பந்தம் போட்டார், முன்பணம் மட்டும் 1 கோடியே 10 லட்சம் டாலர். லீகில் வேறு எந்த அணிக்கும் ஆட வேண்டுமென்றால் லயன்ஸ் விடுவிக்க வேண்டும், இல்லை வேறு அணிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

விலகியதும் அணி 55 லட்சம் டாலரைத் திருப்பிக் கேட்டது. முடியாது என்றவர், ‘என்னை விடுவித்துவிடுங்கள், மொத்தத்தையும் தந்துவிடுகிறேன்’ என்றார். அணி மறுத்தது. கடைசியில் 2000 பிப்ரவரியில் நடுவர், 55 லட்சத்தைத் தவணையாகத் திருப்பித் தரச் சொன்னார். மறுபடி லயன்ஸுக்கே ஆட வந்தால் மிச்சத் தவணை தள்ளுபடி. ஆக, ஆடினால் இங்கே, இல்லாவிட்டால் எங்கேயும் இல்லை. இது நோட்டீஸ் இல்லை ஐயா, பாண்டு பத்திரம்.

கணக்குப்பிள்ளை:
பாண்டில் கையெழுத்துப் போட்டது யார்? கழுத்தில் கத்தி வைத்தா வாங்கினார்கள்? 1997ல் அந்த அணியின் லட்சணம் அவருக்கு எட்டு வருடமாகத் தெரியும்.

இன்னொன்று. பாரி இல்லாத 1999ல் லயன்ஸ் 8 வெற்றி, 8 தோல்வி. பிளே ஆஃப் போனார்கள், வாஷிங்டனிடம் தோற்றார்கள். பாரி இருந்த 1998ல் என்ன? 5 வெற்றி, 11 தோல்வி. பாவம் தனி மனிதர், மோசமான அணி என்று கண்ணீர் வடிப்பவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம்.

கடைசிபெஞ்ச்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் கிரிக்கெட் கட்சி. இந்த 1,457 விஷயம் மார்க் டெய்லர் மாதிரியா? 1998ல் பெஷாவரில் 334 அடித்து, பிராட்மேனின் ஸ்கோருக்குச் சமமாக நின்று, மறுநாள் காலை டிக்ளேர் செய்தாரே, அந்த மாதிரி?

பிற்பகல்காரன்:
அதற்கு ஜோடி 1999 இல்லை, 1989. பாரியின் முதல் சீசன், கடைசி ஆட்டம், அட்லாண்டாவில். ஆட்டம் கையில் வந்துவிட்டது. லீகில் அதிக யார்டு ஓடியவர் பட்டத்துக்கு அவருக்கு இன்னும் பத்தே யார்டு தேவை. மறுபடி இறங்குகிறாயா என்று கோச் வெய்ன் ஃபோன்ட்ஸ் கேட்டார். வேண்டாம், ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்றுவிட்டார் பையன். 1,470ல் நின்றார், பட்டம் 1,480 ஓடிய கிறிஸ்டியன் ஒகோயேவுக்குப் போனது. டச் டவுன் (பந்தோடு எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டுவது) போட்டாலும் ஆட்டம் பாட்டம் கிடையாது, பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பார். இப்படிப்பட்டவர் பேட்டனின் எண்ணுக்காக இன்னொரு வருடம் அடி வாங்குவார் என்று எதிர்பார்த்தது நம் தப்பு.

கணக்குப்பிள்ளைக்கு: 1998 தோல்விக் கணக்கை அவர் தலையில் கட்டாதீர்கள். அந்த வருடமும் அவர் 1,491 ஓடினார். அதற்கு முன்பே அவருக்கு முன்னால் நின்று தடுத்துக்கொடுத்த சென்டர் கெவின் குளோவரை அணி விட்டுவிட்டது. தோற்பதே அங்கே பழக்கமாகிவிட்டது, அதுதான் வெளியேறக் காரணம் என்று பின்னாளில் பாரியே எழுதினார்.

ஈரச்சட்டை:
எம்மிட் ஸ்மித்தைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் பேசுகிறேன். பதினைந்து சீசன், 18,355 யார்டு, மூன்று சூப்பர் பவுல் (லீக் இறுதிப்போட்டி) வெற்றி. 1994 ஜனவரி 2, நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிரான ஆட்டம். தோள்பட்டை மூட்டு விலகிவிட்டது. வலியோடு 32 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு 168 யார்டு ஓடி, கூடுதல் நேரத்தில் அணியை ஜெயிக்க வைத்தார். அழகாக ஓடுவது வேறு, ஆட்டத்தை முடித்துக் கொடுப்பது வேறு. பாரி பிளே ஆஃபில் என்ன செய்தார்? 1994 சீசனில் கிரீன் பேயில் 13 முறை ஓடிக் கிடைத்தது மைனஸ் ஒரு யார்டு. படிப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம், மைனஸ்தான்.

முதல்வரிசை:
அந்த மைனஸ் ஒன்றை எல்லோரும் பாக்கெட்டிலேயே வைத்திருக்கிறீர்கள். எம்மிட்டுக்கு முன்னால் லாரி ஆலன், நேட் நியூட்டன், எரிக் வில்லியம்ஸ் என்று மதில் சுவர். பந்து எறிய ட்ராய் எய்க்மன், பிடிக்க மைக்கேல் இர்வின். பாரியின் அணியில் பந்து எறியும் குவார்ட்டர்பேக் யார் என்று வருடத்துக்கு வருடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படியும் ஓட்டத்துக்குச் சராசரி பாரிக்கு 5.0, எம்மிட்டுக்கு 4.2.

ஈரச்சட்டை:
ஹெர்மன் மூரை மறந்துவிட்டீர்களே. 1995ல் 123 பந்து பிடித்து அன்றைக்கு லீக் சாதனையே வைத்தவர், லயன்ஸ் ஆள். லோமஸ் பிரவுன் மாதிரி டேக்கிளும் பல வருடம் இருந்தார். அநாதைக் கதை வேண்டாம். பாரி பக்கவாட்டில் வளைந்து வளைந்து ஓடுவார், மாட்டினால் பின்னால் நாலு யார்டு நஷ்டம், தப்பினால் அறுபது. பார்க்கச் சுகம். அணி நடத்துகிறவனுக்குத் தலைவலி.

முதல்வரிசை:
1997ஐயும் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு ஆட்டத்தில் 53 யார்டுதான். அடுத்த 14 ஆட்டத்தில் ஒன்றில்கூட நூறுக்குக் குறையவில்லை. மொத்தம் 2,053. தலைவலி இந்த மாதிரி வந்தால் மாத்திரையே வேண்டாம்.

பிற்பகல்காரன்:
அந்த 2,000ஐத் தாண்டிய நாளைப் பற்றிச் சொல்லத்தான் இந்த இழையே தொடங்கினேன், பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

1997 டிசம்பர் 21, லயன்ஸின் அன்றைய சொந்த மைதானமான சில்வர்டோம், எதிரணி நியூயார்க் ஜெட்ஸ். அன்று பாரிக்கு 184 யார்டு. லயன்ஸ் 13-10 என்று ஜெயித்து பிளே ஆஃபுக்கும் போனார்கள். அதே ஆட்டத்தில்தான் லயன்ஸ் லைன்பேக்கர் ரெஜி பிரவுன் கழுத்தெலும்பில் அடிபட்டு, மூச்சு நின்று தரையில் கிடந்தார். மைதானத்திலேயே உயிர்மூச்சு கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள். எழுந்து நடந்தார், ஆனால் அதோடு ஆட்டம் போயிற்று. இது அங்கே முதல் தடவையும் இல்லை. 1991ல் அதே மைதானத்தில் லயன்ஸின் கார்டு (முன்வரிசைத் தடுப்பாளர்) மைக் அட்லி விழுந்து, கால்கள் செயலிழந்தன. பாரிக்காக வழி திறந்தவர்களில் ஒருவர். அடுத்த ஜூனில் இன்னொரு கார்டு எரிக் அன்டோல்செக், சொந்த வீட்டு முற்றத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது லாரி ஏறி இறந்தார்.

இதனால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை, அவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவையும் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர், நடக்கத் தெரிந்த கால்களோடு வீட்டுக்குப் போனால், ‘ஓடிப்போனவர்’ என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
அட்லி தெரியும். அன்டோல்செக் விஷயம் தெரியாது.

சரி. ‘ஓடிப்போனவர்’ என்பதை ‘சொல்லாமல் போனவர்’ என்று திருத்திக்கொள்கிறேன். ஏப்ரல் விஷயத்தில் நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன். அவர் மௌனத்தால் நஷ்டப்பட்டது முதலாளி மட்டுமில்லை, கூட ஆடிய ஐம்பது பேரும்தான்.

கடைசிபெஞ்ச்:
இவ்வளவு சண்டைக்கு அப்புறம் அணியும் அவரும் பேசிக்கொள்கிறார்களா?

பிற்பகல்காரன்:
பேசுவதா, 2023 செப்டம்பரில் லயன்ஸின் இப்போதைய ஃபோர்டு ஃபீல்டு மைதானத்தில் அவருக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். திறப்புக்கு அவரும் வந்திருந்தார்.

கணக்குப்பிள்ளை:
முன்கூட்டியே தேதி சொல்லித்தானே வைத்தார்கள்?