மாணவரின் மதிப்பீட்டுக்கு ஆசிரியரின் மதிப்பீடு: ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

ஊடகவியல் தயாரிப்புப் பாடத்தின் மதிப்பெண் வழிகாட்டி ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். "மாணவரின் மதிப்பீட்டை மதிப்பீடு செய்யும் முறை" என்று ஒரு தலைப்பு வந்து நிற்கிறது. படிப்பவர் தலை சுற்றிப்போவார்.

பின்னணி இதுதான். பிரிட்டனின் ஓசிஆர் தேர்வு வாரியம் 2008 முதல் நடத்திய ஏஎஸ் (மேல்நிலைப் படிப்பின் முதல் கட்டம்) ஊடகவியல் பாடத்தில், ஒரு திரைப்படத்தின் முதல் இரண்டு நிமிடங்களையோ ஓர் இசை இதழின் சில பக்கங்களையோ மாணவர் உருவாக்க வேண்டியிருந்தது. மொத்தம் 100 மதிப்பெண்: ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, தயாரிப்புக்கு 60, முடித்த பிறகு தன் படைப்பைப் பற்றி மாணவரே எழுதும் 'இவால்யுவேஷ'னுக்கு 20. இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் பெயர் தேவை. 'தன்மதிப்பீடு' போதுமா?

மறுமொழி:

போதாது என்பேன். 'தன்மதிப்பீடு' என்று தலைப்பிட்டால், "ஒளியமைப்பு நன்றாக வந்தது, ஒலிதான் சற்றுக் குறை" என்று மாணவர் தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்வார். அதற்கா 20 மதிப்பெண்? அங்கே கேட்கப்பட்டவை வேறு: இவ்வகை ஊடகத்தின் மரபுகளை எங்கே பின்பற்றினாய், எங்கே மீறினாய், எந்தச் சமூகக் குழுவை எப்படிச் சித்திரித்தாய், பார்வையாளர் யார், எத்தகைய நிறுவனம் இதை வெளியிடும். படம் சுமாராக வந்த மாணவரும் இந்தப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கலாம், காரணங்களைச் சரியாகச் சொன்னால். ஆகவே 'ஆக்கத் திறனாய்வு' என்று முன்மொழிகிறேன். இலக்கியத்தில் திறனாய்வாளர் செய்வதை மாணவர் தன் ஆக்கத்துக்கே செய்கிறார்.

மறுமொழி:

இலங்கைப் பாடநூல்களில் ஆசிரியர் செய்வது 'கணிப்பீடு'. 'மதிப்பீடு' அதிலிருந்து வேறான தனிச்சொல்லாக இருக்கிறது. ஆசிரியருக்குக் 'கணிப்பீடு', மாணவருக்கு 'மதிப்பீடு' என்று எடுத்துக்கொண்டால் புதுச்சொல்லே தேவையில்லையே? மேலும், 'திறனாய்வுத் தேர்வு' என்று பழகிய காதுக்கு, 'திறனாய்வு' என்றால் மாணவரின் திறமையைச் சோதிப்பது என்றே படும்.

மறுமொழி:

'கணிப்பீடு' எனக்கும் பிடித்த சொல். தமிழ்நாட்டில்தான் சிக்கல்: கருத்துக்கணிப்பு, வானிலைக் கணிப்பு என்று வரப்போவதைச் சொல்லும் வாடை அதில் ஏறிவிட்டது. ஆசிரியரின் வேலைக்கு 'மதிப்பிடல்' என்றே வைத்துக்கொள்வோம். 'திறனாய்வு' பற்றிய ஐயம் நியாயமானது, ஆனால் முன்னால் 'ஆக்க' வந்தவுடன் தேர்வு மணம் போய்விடுகிறது. 'மீள்பார்வை'யையும் யோசித்தேன். அது பாடத்தைத் திருப்பிப் படிப்பதற்கு ஏற்கெனவே வாக்கப்பட்டுவிட்டது.

இன்னொன்று. திட்டமிடல் பகுதியிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'திட்டம்' என்று எழுதினால் மாணவர் அழகாக அட்டை போட்ட கோப்பைக் கொடுப்பார். பார்க்க வேண்டியதோ போன வழி: முதல் எண்ணம், கைவிட்ட ஷாட்கள், இடம் கிடைக்காததால் மாறிய காட்சி, ஒத்திகைப் படங்கள். ஸ்டோரிபோர்டும் (படம் எடுக்கும் முன் காட்சிகளை வரிசையாக வரைந்து வைப்பது) முடிந்த படமும் சட்டகத்துக்குச் சட்டகம் பொருந்தினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். படத்தைப் பார்த்துப் பின்னால் வரைந்திருப்பார்கள்! தேதியிட்ட பதிவுகளைக் கேட்பதும் அதனால்தான். இந்தச் சான்றுகளின் தொகுப்புக்குத் 'திட்டமிடல் தடம்' எனலாமா? 'தடயம்' காவல்துறை வாசம் அடிக்கிறது.

முதல் மடல் எழுதியவரின் மறுமொழி:

'தடம்' நன்று. தலைப்பு இப்போது "ஆக்கத் திறனாய்வை மதிப்பிடல்" என்று மூன்றே சொல்லில் அடங்கிவிட்டது. கணிப்பீட்டை இலங்கை வாசகருக்காகச் சொல்லடைவில் இணைச்சொல்லாகத் தருகிறேன். ஷாட், ஸ்டோரிபோர்டு இரண்டையும் அப்படியே விடுகிறேன். கதைப்பலகை என்று எழுதினால் எந்த மாணவருக்கும் புரிவதில்லை. எதிர்ப்பு இருந்தால், வழிகாட்டி அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள்.