சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல நைட் 10 மணி நேரம், தனியா ரெண்டு குழந்தைங்களோட. எப்படி சமாளிக்கிறது?

வணக்கங்க, டிசம்பர்ல மெல்போர்ன்ல இருந்து திருச்சிக்குப் போறோம், நானும் பிள்ளைங்களும் மட்டும்தான் (பெரியவனுக்கு 5, சின்னவளுக்கு 2), அவர் பின்னாடி வர்றார். சிங்கப்பூர்ல நைட் 9க்கு இறங்கினா காலைல 7க்குத்தான் திருச்சி ஃப்ளைட். போன தடவை ஸ்ட்ரோலர நேரா திருச்சிக்கு அனுப்பிட்டாங்க, பாப்பாவ இடுப்புலயே வச்சு நடந்து முதுகே விட்டுப்போச்சு. இந்தத் தடவை என்ன பண்ணலாம்? ஏர்போர்ட்டை ஒட்டின ஜுவல் மால்ல இருக்கற அருவிய காட்டலாமான்னும் யோசிக்கிறேன். எல்லாருக்கும் இந்திய பாஸ்போர்ட்தான்.

பதில் 1
ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே டிக்கெட்டாங்க? அத முதல்ல பாருங்க. தனித்தனியா போட்டிருந்தா பெட்டிய எடுத்து மறுபடி செக்இன் பண்ண வெளிய வர வேண்டியிருக்கும், அப்போ விசா கேள்வி வரும்.

கேட்டவர்
ஒரே டிக்கெட்தாங்க, பெட்டி நேரா திருச்சிக்குப் போயிடும்.

பதில் 2
அப்போ வெளிய போகாதீங்கம்மா. ஜுவல் இமிக்ரேஷனுக்கு வெளிய இருக்கு, அந்த 40 மீட்டர் அருவியையும் ராத்திரி நிறுத்திடுவாங்க. அதோட நீங்க இறங்குற 9 மணி மெல்போர்ன்ல நடுராத்திரி 12, பிள்ளைங்களுக்கு தூக்கம் சொக்கும். அந்த நேரத்துல சுத்திக் காட்டுறேன்னு கூட்டிட்டுப் போனா தூக்கம் கலைஞ்சு விடிய விடிய அழும், நாங்க பட்டிருக்கோம். இறங்கின உடனே பாத்ரூம், பால், டயப்பர் மாத்துறது, நேரா தூங்க வச்சிடுங்க. கார்ப்பெட் தரைதான், ஒரு பழைய பருத்தி வேட்டிய நாலா மடிச்சு கைப்பைல வச்சுக்கங்க. எங்க பொண்ணு தாத்தா வேட்டி வாசனைல அஞ்சு மணி நேரம் அசையாம தூங்கினா. ஏசி நடுக்கும், ஸ்வெட்டரும் சாக்ஸும் கண்டிப்பா வேணும்.

பதில் 3
ஸ்ட்ரோலருக்கு கவலை வேணாம், டிரான்சிட்ல இன்ஃபர்மேஷன் கவுன்டர்ல கேட்டா இலவசமாவே தருவாங்க. பால் கலக்க வெந்நீர் பேபி ரூம்ல இருக்கும். முக்கியமா, டெர்மினல் 1, 2, 3ல செக்யூரிட்டி செக் போர்டிங் கேட் வாசல்லதான் நடக்கும், புடிச்ச தண்ணிய அங்க கொட்டிருவாங்க, பாப்பா பால மட்டும் சொல்லிட்டு கொண்டு போலாம். கேட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் பாத்ரூம் கூட்டிட்டுப் போயிடுங்க. சாப்பாட்டுக்கு பொடி தடவின இட்லி எடுத்துக்கங்க. தயிர் சாதம் வேணாம், செக்யூரிட்டில தகராறு.

கேட்டவர் (மூணு வாரம் கழிச்சு)
ஊருக்கு வந்து சேந்தாச்சுங்க! சின்னவ 10 மணிக்கே வேட்டில சுருண்டுட்டா, பெரியவன் 3 மணிக்கு முழிச்சு பக்கத்துல உக்காந்து சத்தமே போடாம இட்லி தின்னான், அப்புறம் விடியற வரைக்கும் கண்ணாடி ஓரமா நின்னு ப்ளேன் எண்ணிட்டு இருந்தான். திருச்சில இறங்கி எங்கப்பா கைல பாப்பாவ குடுத்தப்போ அவளுக்கு பாதி தூக்கம், அந்த வேட்டி நுனிய மட்டும் விடவே இல்ல. ரொம்ப நன்றிங்க.