கண்டி டவுனில் கையைக் கடிக்காத சாப்பாடு

தம்பி, வந்து மூன்று வாரம் ஆகிறது, மதியம் மாலில் ஃபுட் கோர்ட், ராத்திரி அறையில் நூடுல்ஸ், சம்பளத்தில் பாதி வயிற்றுக்கே போகிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை. நான் திருச்சியிலிருந்து கண்டிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் நானும் இதே கதைதான். டவுனுக்குள்ளேயே, நடக்கிற தூரத்திலேயே, குறைந்த காசில் வயிறு நிறையச் சாப்பிடலாம். அதற்கு நேரம் தெரிய வேண்டும், நாலு சொல் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே மதியச் சாப்பாடு என்றால் சோற்றுப் பார்சல். பதினொன்றரைக்கே கடைகளில் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். வங்கியில் வேலை செய்கிறவர், பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட டீச்சர், எல்லோரும் வாங்குவது அதைத்தான். ஒரே தடவை சமைத்து, ஒரே வேளையில் விற்றுத் தீர்ப்பதால்தான் விலை குறைவு. ஒன்றரைக்கு மேல் போனால் நல்ல கறியெல்லாம் தீர்ந்திருக்கும், பருப்பும் அடிச்சோறும்தான் மிஞ்சும். அதனால் பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள்.

நான் வழக்கமாகப் போவது தலதா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிற சின்னக் கடை. அங்கே இருக்கிற அக்கா தாளை விரிப்பார், சோற்றைக் குவிப்பார், கரண்டி முதுகால் நடுவில் லேசாக அமுக்குவார். அந்தப் பள்ளத்தில் பருப்பு. சுற்றிலும் பலாக்காய்க் கறி, பீட்ரூட், தேங்காய்ப்பூ போட்ட கீரைச் சுண்டல். சுண்டல் என்றதும் கொண்டைக்கடலையை நினைக்காதீர்கள், இங்கே பொடியாக அரிந்து சுண்டின கீரைக்கும் அதே பெயர்தான். மேலே ஒரு பப்படம், ஓரத்தில் பொரித்த மிளகாய். நாலு மூலையையும் இழுத்து மடித்துக் கையில் தரும்போது செங்கல் மாதிரி கனக்கும். போன வாரம் மரக்கறிப் பார்சலுக்கு 300 ரூபாய் கொடுத்தேன். நம்மூர்க் காசில் நூறுக்குள்தான். மீனோ கோழியோ சேர்ந்தால் கூடும், முட்டை என்றால் கொஞ்சம்தான் கூடும். ஒன்றை வாங்கி நானும் மனைவியும் பகிர்ந்து சாப்பிட்ட நாட்களும் உண்டு.

அந்த விலை இப்படியே இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2022-ல் எரிவாயு கிடைக்காமல் இதே சந்தில் கடைகள் மூடிக் கிடந்ததைப் பார்த்தேன். இன்றைக்கும் எரிவாயு விலை மாறினால், கொத்து ரொட்டி, தேத்தண்ணி என்கிற டீ, சோற்றுப் பார்சல் விலை இவ்வளவு கூடியது, இவ்வளவு குறைந்தது என்று செய்தியிலேயே சொல்வார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து சாப்பிடுவதானால், பல கடைகளில் சோறும் மரக்கறியும் திரும்பக் கேட்டால் போடுவார்கள். மீன், இறைச்சிக்குத் தனிக் காசு. தட்டின் மேல் மெல்லிய பாலித்தீன் தாள் போட்டிருக்கும், கை துடைக்கத் துண்டு துண்டாக வெட்டிய காகிதம் இருக்கும். பார்த்துத் தயங்காதீர்கள். உள்ளே சூடாகச் சமைத்த சோறு, கூட்டம் நிற்கிற கடை, அது போதும்.

நீங்கள் சைவம் என்றால் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். நம்மூரில் கறி என்றால் ஆட்டுக்கறி, கோழிக்கறி. இங்கே கறி என்றால் சோற்றுக்குப் போடுகிற எதுவும், பருப்பும் கறிதான். காய்க்கு மரக்கறி என்று பெயர், சைவச் சாப்பாட்டையும் அப்படியே சொல்வார்கள். மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து மச்சம். "மச்சம் சாப்பிட மாட்டேன்" என்று சொன்னால் தமிழ்க் கடையில் உடனே புரிந்துகொள்வார்கள். சிக்கல் மாசியில்தான் இருக்கிறது. காய்ந்த சூரை மீனை இடித்த தூள் அது. துவையல் மாதிரி இருக்கிற தேங்காய்ச் சம்பலிலும், சில கடைகளில் காய்க்கறியிலும் ருசிக்காகப் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. என் மனைவி பிறந்ததிலிருந்து சைவம். வந்த புதிதில் ஒரு கடையில் இடியப்பத்தோடு சம்பலை ருசித்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கு முழுக்க அழுதாள். மரக்கறி என்று மட்டும் சொன்னால் போதாது, "மாசி போட்டிருக்கா?" என்று தனியாகக் கேளுங்கள். சிங்களத்தில் அதற்கு உம்பலகட. "மஸ், மாளு, உம்பலகட நெதுவ" என்றால் இறைச்சி, மீன், மாசி இல்லாமல் என்று அர்த்தம். சைவக் கடை என்று போர்டு வைத்திருந்தால் கவலை இல்லை. தோசை, இட்லி, உழுந்து வடை, சாம்பார் எல்லாம் கிடைக்கும். பாலாஜி தோசை மாதிரி முழுச் சைவ இடங்களும் கண்டியில் உண்டு, அங்கே விலை கொஞ்சம் கூடுதல்.

கூப்பிடுவதற்கும் வார்த்தை வேண்டுமே. சிங்களத்தில் "அய்யா" என்றால் அண்ணன், "மல்லி" தம்பி, "நங்கி" தங்கை. அக்கா அங்கேயும் அக்காதான். சிங்களக் கடையில் "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு மிச்சத்தை நான் தமிழில் கேட்ட நாளெல்லாம் உண்டு. சிரித்துக்கொண்டே கூட ஒரு கரண்டி வைப்பார்கள்.

சாயங்காலம் டீக்கு உட்கார்ந்தால் ரோல்ஸ், பற்றிஸ், வடை என்று ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். கேட்காமல் வந்ததே என்று பதற வேண்டாம், எடுத்ததற்கு மட்டும்தான் காசு. பால் தேத்தண்ணியில் பெரும்பாலும் பால்மா, அதாவது பால் பவுடர்தான், நம்மூர் டீ ருசி வராது. இஞ்சி தட்டிப்போட்ட பிளேன் டீ குடித்துப் பாருங்கள், இந்த மலையின் தேயிலை அதில்தான் தெரியும், விலையும் குறைவு. ராத்திரிக்கு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வயிற்றுக்கு நல்லது. கொத்து ஆசை வந்தால் கண்டி முஸ்லிம் ஹோட்டல் எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். ஒரு கொத்து இரண்டு பேருக்குத் தாராளம்.

பெரிய ரெஸ்டாரண்டில் உட்காரும்முன் மெனுவின் அடியில் பொடி எழுத்தைப் படியுங்கள். 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் வாட் வரி. 1,000 ரூபாய் என்று நினைத்து உட்கார்ந்த எனக்கு பில் 1,298 வந்தது. சந்துக் கடைகளில் இதெல்லாம் கிடையாது.

பேராதனைப் பக்கம் போனால் கன்னொருவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் என்கிற உணவகம் இருக்கிறது. பெண்களே கண்ணெதிரே சமைத்துத் தருகிறார்கள். குரக்கன் என்கிற கேழ்வரகு ரொட்டி, இலைக்கஞ்சி எல்லாம் மலிவு. ஹட்டன் டவுனில் தமிழிலேயே எல்லாம் நடக்கும், சோற்றுக்குப் பிரச்சினையே இல்லை. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் எல்லாவற்றுக்கும் விலை ஏறும், ஏரிப் பக்கம் விட்டு பஜார் பக்கம் சாப்பிடுங்கள்.

ஏப்ரல் என்றதும் ஞாபகம் வருகிறது. 13, 14 தேதிகளில் புத்தாண்டுக்குக் கடைக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், சில நாள் டவுனே அடங்கிக் கிடக்கும். அரிசி, பருப்பு, முட்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். என் முதல் வருடத்தில் நான் பிஸ்கெட்டோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு சிங்கள அம்மா பாற்சோறும் அச்சு முறுக்கு மாதிரியான கொக்கிஸும் வாழைப்பழமும் தட்டில் கொண்டுவந்து கொடுத்தார். தட்டைச் சும்மா திருப்பித் தரக்கூடாது என்று மனைவி மறுநாள் கேசரி செய்து வைத்து அனுப்பினாள்.

அப்புறம், சனிக்கிழமை உங்களுக்கு வேலை இல்லையென்றால் பன்னிரண்டு மணிக்கு மணிக்கூண்டுப் பக்கம் வாருங்கள். அந்தச் சந்துக் கடைக்கு நானே கூட்டிப் போகிறேன்.